தீயணைப்பு பம்ப்பும் எங்கள் தெருப் படகும்

2021 நவம்பர். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். படகு மோட்டாரின் ஸ்டார்ட்டர் கயிற்றை நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் குடையோடு நின்ற எதிர்வீட்டுப் பையன் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தான். 43 என்று சொன்னபோது அவன் அப்பா அதட்டி உள்ளே அனுப்பினார். மோட்டார் மூடியில் போன மாதம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து வழிந்தன. 2016-லிருந்து 6 ஆயுத பூஜை கண்ட மோட்டார் அது. பொரி, கடலை, மாலை, எலுமிச்சம்பழம் எதிலும் நாங்கள் குறை வைத்ததில்லை. ஸ்டார்ட் செய்து பார்த்ததுதான் இல்லை.

கடைசியில் சவுக்குக் கழியை ஊன்றித்தான் படகைத் தள்ளினோம். அதுவும் எந்நேரமும் ஒருவர் வாளியால் இறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. எங்கோ கசிந்தது.

என் தொழிலைச் சொன்னால் வெட்கமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். எந்த எந்திரத்துக்கு எந்தத் தேதியில் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று பலகையில் எழுதி வைத்துப் பிறரை விரட்டுகிற வேலை.

வீடு வரதராஜபுரத்தில். முடிச்சூருக்கு அடுத்து, அடையாற்றின் கரையில், வெளிவட்டச் சாலை ஓரம். சென்னையில் வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத்தான் பேசுவார்கள். 2015 டிசம்பரில் அதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேர்கிறது, எங்களுக்குக் கீழே. எங்களை மூழ்கடிப்பது ஆதனூர், ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் ஏரிகளின் உபரிநீர். இவற்றுக்கு டிவியில் பெயர் வருவது அபூர்வம். அந்த டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. எங்களை மாடியிலிருந்து இறக்கிக் கொண்டுபோனது கடற்கரையிலிருந்து லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்கள். தண்ணீர் வடிந்ததும் தெருக்காரர்கள் சிலர் காசு போட்டு 14 அடி ஃபைபர் படகு ஒன்றையும் 8 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றையும் கோவளத்துப் பக்கம் பழையதாகவே வாங்கினோம். அதுவரை உப்பங்கழியில் ஓடியது. வந்த நாளில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். அப்புறம் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

2021-இல் தண்ணீர் வடிந்து வேலைக்குத் திரும்பிய சனிக்கிழமை, எங்கள் ஆலையின் டீசல் தீயணைப்பு பம்ப் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை, 30 நிமிடம். நான் அந்த ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த பம்ப் ஒரு நெருப்பைக்கூட அணைத்ததில்லை. ஆனால் ஒரு வாரமும் ஓடாமல் இருந்ததில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது நான். பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வீட்டில் கிடக்கும் படகும் இதே சாதிதானே. வருஷத்தில் 364 நாள் சும்மா இருந்துவிட்டு ஒரு நாள் உயிரைக் காக்க வேண்டிய சாதனம். அதைக் கெடுப்பது அந்த ஒரு நாள் இல்லை.

2022 தைப்பொங்கல் கழிந்து வேலையை ஆரம்பித்தோம். எனக்கு உடனே மோட்டாரைப் பிரித்துவிட வேண்டும் என்று கை அரித்தது. கோவளத்திலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் மோட்டார் பக்கமே திரும்பவில்லை. படகைக் கவிழ்க்கச் சொன்னார். கவிழ்த்ததும் அடியிலிருந்து ஒரு சாரைப்பாம்பு வெளியேறியது. நாங்கள் நாலு பேரும் வேறு திசையில் வெளியேறினோம். அவர் மட்டும் நகரவில்லை.

"மோட்டார நீங்க எப்ப வேணா பண்ணிக்கலாம் சார். அத மாட்டுற பலகை இருக்குதான்னு மொதல்ல பாக்கணும்."

அவர் சட்டைப்பையிலிருந்து 10 ரூபாய் நாணயத்தை எடுத்துப் படகின் பின்பலகை முழுக்கத் தட்டிக்கொண்டு போனார். மேல் விளிம்பில் 'டக் டக்' என்று கேட்டது. நடுவில் வந்ததும் சத்தம் மாறியது, ஈரத் துணியைத் தட்டுவது போல. ஃபைபர் படகு என்று சொல்கிறோமே தவிர, மோட்டாரைத் தாங்கும் பின்பலகைக்குள் இருப்பது ப்ளைவுட். வெளியே கண்ணாடி இழையும் ரெசினும் போர்த்தியிருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெளித்தோல் பளபளவென்று இருக்க, உள்ளே மரம் சாணியாகிவிடும். உட்பக்கமாக 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுப் பார்த்தோம். தூளுக்குப் பதில் கருப்பான ஈரக்கூழ் வந்தது. எங்கள் குற்றம்தான். படகை நிமிர்த்தியே வைத்திருந்தோம். அடியில் உள்ள வடிகால் தக்கையைக் கழற்றவில்லை. தார்ப்பாய் குழிந்து மழைநீரை வாங்கி உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தது. 5 மழைக்காலம் எங்கள் படகு ஒரு தொட்டியாக இருந்திருக்கிறது. கவிழ்த்து, நாலு பழைய டயர் மேல், அடியில் காற்று போகும்படி வைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

உள்தோலை வெட்டி எடுத்து, அழுகிய மரத்தை உளியால் சுரண்டி எறிந்துவிட்டுக் காயவிட்டோம். இதில் அவசரம் ஆகாது. ஈரத்தின் மேல் ரெசின் ஒட்டாது. ஒட்டியது போல் நடிக்கும், முதல் மழையில் கழன்றுகொள்ளும். அக்னி நட்சத்திரம் வரை பொறுத்திருந்தோம். அந்த வெயிலை வாழ்த்திய குடும்பம் அந்த வருஷம் எங்களுடையதாகத்தான் இருக்கும். 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளை இரண்டை ஒட்டிச் சேர்த்து உள்ளே இறக்கி, 450 கிராம் ஃபைபர் மேட்டை மூன்று அடுக்காகப் போட்டோம்.

ரெசின் கலக்கும்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். ரெசினோடு இரண்டு பொருள் தருவார்கள்: ஊதா நிறத்தில் கோபால்ட், தண்ணீர் போல இருக்கும் ஹார்டனர். இந்த இரண்டையும் எக்காரணம் கொண்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கக் கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். அது எனக்குத் தெரியும், அதில் தவறவில்லை. தவறியது அளவில். நூற்றுக்கு 2 பங்கு ஹார்டனர் ஊற்றி, ஒரு பக்கெட் முழுக்கக் கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மே மாத மதியம். திரும்பி வந்தபோது பக்கெட் புகைந்துகொண்டிருந்தது, உள்ளே பாறாங்கல். வெயில் காலத்தில் 1 பங்கு போதும், காலையிலேயே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும், டீ டம்ளர் அளவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்கக் கூடாது. அந்தக் கல்லை இன்றும் ஷெட் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

கசிவு வேறெங்கும் இல்லை, வடிகால் தக்கையின் ரப்பர் வளையத்தில். 20 ரூபாய் சமாச்சாரம். அதற்காக 2021-இல் ஒரு மனிதர் இரண்டு நாள் தண்ணீர் இறைத்தார்.

ஆனியில் மோட்டாருக்கு வந்தோம். மூடியைத் தூக்கினால் எலிக்கூடு. பஞ்சு, பிளாஸ்டிக் பை, யாரோ வீட்டுத் திருமண அழைப்பிதழின் துண்டு. பெட்ரோல் குழாயில் பாதியைக் காணோம். தண்ணீர் பீச்சுகிற சின்னத் துளையைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது.

"கயித்துல கைய வெக்காதீங்க சார்."

"ஏண்ணே, சும்மா சுத்துதான்னு..."

"உள்ள ஒட்டியிருந்தா ரிங்கு ஒடைஞ்சுடும். ஒடைஞ்ச ரிங்கு செவுத்தக் கீறும். நீங்க போன வருஷம் 40 தடவ இழுத்தும் அது ஒடையலன்னா உங்க நல்ல நேரம்."

ஸ்பார்க் ப்ளக் இரண்டையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூடி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு, இரண்டு நாள் தொடாமல் விட்டோம். மூன்றாம் நாள் மேலே உள்ள ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பினோம். முதலில் முனகியது, பிறகு வழுக்கிக்கொண்டு சுற்றியது. அதற்குப் பிறகே கயிறு. கம்ப்ரெஷன் கேஜ் எங்கள் ஆலையருகே ஒரு பைக் மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினேன். எண் எவ்வளவு என்பதை விட, இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. எங்களுடையதில் இல்லை.

இனி பெட்ரோல். எனக்கு உண்மையில் கண் திறந்தது இங்கேதான். டேங்க்கைத் திறந்தபோது பெட்ரோல் வாசனை வரவில்லை; பழைய வார்னிஷ் வாசனை வந்தது. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால் அடியில் தனியாக ஒரு படலம். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2022-இல் 10 சதவீதத்தைத் தொட்டது, 2025-இல் 20. தினமும் ஓடும் பைக்குக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. வாரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். நிற்கிற எந்திரத்துக்கு நஞ்சு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் கைகோத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேங்க்கில் உறிஞ்சும் குழாய் எங்கே இருக்கிறது? அடியில். அதாவது மோட்டார் முதலில் குடிப்பது அந்தக் கஷாயத்தை. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. அளவுக் கண்ணாடியில் பெட்ரோல் 100 மில்லி, தண்ணீர் 10 மில்லி ஊற்றிக் குலுக்கி வையுங்கள். அடியில் உள்ள படலம் 20 மில்லியாக வளர்ந்தால் எத்தனால் சுமார் 10 சதவீதம், 30 ஆனால் 20 சதவீதம். பெட்ரோலும் எண்ணெயும் கலந்து வைத்துவிட்டதால் எங்களுக்கு இன்னொரு தொல்லை கூட: பெட்ரோல் ஆவியாகப் போக, எண்ணெய் மட்டும் கார்புரேட்டரில் தேன்பாகு போல் தங்கி இறுகியிருந்தது.

கார்புரேட்டரைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்துப் பிரித்தோம். வெள்ளைத் துணி என்பது என் பிடிவாதம். உருண்டு ஓடும் சின்ன ஸ்க்ரூ அதில்தான் கண்ணில் படும். ஜெட் துளை மயிரிழை அளவு. அதைக் குத்த நான் குண்டூசியை எடுத்தேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். இரும்பு ஊசி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும். அப்புறம் ஆயுசுக்கும் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும். வயர் ஒன்றை உரித்து, அதிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்துக் கொடுத்தார். கிளீனர் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, அந்த இழையால் நீவி, பிறகு காற்றுக் குழாய். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் துளைக்குள் வட்டமாக வானம் தெரிய வேண்டும். குழாய், கையால் அமுக்குகிற ரப்பர் பல்ப், ஃபில்டர் மூன்றும் புதிதாகவே மாற்றினோம். பழைய பல்ப் கல்லாகிவிட்டிருந்தது.

கலவைக்கு எங்கள் மோட்டாரின் கையேடு சொல்வது 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. பைக்கின் 2டி எண்ணெயை ஊற்றாதீர்கள். அது காற்றால் குளிரும் எஞ்சினுக்கு. தண்ணீரால் குளிரும் படகு மோட்டாருக்கு டி.சி-டபிள்யூ3 என்று போட்ட எண்ணெய் தனியாக வருகிறது. அது ஒரகடத்தில் கிடைக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை. எங்கள் மோட்டார் யமஹா. 1960-லேயே படகு மோட்டார் செய்ய ஆரம்பித்த கம்பெனி. எங்கள் ஆலையிலிருந்து சில கிலோமீட்டரில், வல்லம் வடகாலில் அவர்களுடைய பெரிய தொழிற்சாலை. ஆனால் அங்கே செய்வது பைக்கும் ஸ்கூட்டரும். படகு மோட்டாருக்கு ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் கடற்கரைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

இந்தத் தொழிற்பேட்டை கைகொடுத்த இடமும் உண்டு. அடியிலுள்ள கியர் பெட்டியைக் கழற்றினால்தான் தண்ணீர் பம்ப்பைப் பார்க்க முடியும். உப்புத் தண்ணீரில் ஓடிய மோட்டார், நல்ல தண்ணீரில் கழுவாமல் வைத்தது. போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒன்றாகிவிட்டிருந்தன. துரு கழற்றும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி, ஹீட் கன்னால் சூடு, மறுபடி எண்ணெய், இப்படி மூன்று வந்துவிட்டன. நாலாவது தலை உடைந்தது. வேறு ஊராக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஒரகடத்தில் டூல் ரூம் வேலை தெரிந்தவர் தெருவுக்குப் பத்துப் பேர். நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி பொட்டலத்தோடு வந்தார். உடைந்த போல்ட்டின் நடுவில் புள்ளி வைத்து, இடதுகை ட்ரில் பிட்டால் துளைத்தார். பாதி ஆழத்தில் போல்ட் தானாகவே திருகிக்கொண்டு வெளியே வந்தது. மரை கெட்டிருந்த இடத்தில் ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் ஒன்றைச் செருகினார். அரை மணி நேரம். இந்தத் தடவை எல்லா போல்ட்டுக்கும் மரைன் கிரீஸ் தடவித்தான் பூட்டினோம்.

பம்ப்பைத் திறந்தால் உள்ளே ரப்பர் இம்பெல்லர், ஆறு இதழ். சும்மா இருந்த 5 வருஷமும் ஒரே நிலையில் மடிந்து கிடந்ததால் வாடிய வெற்றிலை போல ஒரு பக்கமாகச் சாய்ந்து விறைத்திருந்தது. ஒரு இதழில் வேரிலேயே வெடிப்பு. மோட்டார் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகாமல் போனதே நல்லது என்று அப்போதுதான் தோன்றியது. ஆகியிருந்தால் தண்ணீர் மேலே ஏறாமல், நடுத்தெரு வெள்ளத்தில் மிதந்துகொண்டே சூட்டில் இறுகியிருக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இம்பெல்லரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறோம். மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை மோட்டார் சுற்றுகிற திசையிலேயே, அதாவது மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில், திருப்பிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். இதழ்கள் அப்போதுதான் சரியான பக்கம் மடியும். ஷாஃப்டிலிருக்கும் பிறை வடிவச் சாவி ஒன்று சத்தமில்லாமல் விழுந்து தொலையும். நாங்கள் தொலைத்தோம். காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துக் கண்டுபிடித்தோம்.

கியர் எண்ணெய் வெள்ளையாக, பால் கலந்த காபி போல வந்தால் சீல் போய்விட்டது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். எங்களுக்குக் காரணம் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் சுருள் சுருளாகச் சுற்றியிருந்த நைலான் நரம்பு. மீன்பிடி நரம்பு, சீலை அறுத்துவிட்டிருந்தது. சீலை மாற்றியபின் எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக அமுக்கி, மேல் துளையில் வழியும் வரை ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று மாட்டிக்கொள்ளும்.

வயரிங், பெயின்ட், ப்ளக் பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. எலி கடித்ததை மாற்றினோம், ப்ளக்கைப் புதிதாகப் போட்டோம். லைஃப் ஜாக்கெட் 8-ஐயும் பக்கத்து விவசாயக் கிணற்றில் ஆளோடு இறக்கிப் பார்த்தோம். நுரை மிதந்தது, தையல் நூல் உளுத்திருந்தது. தையற்காரர் நைலான் நூலில் மறுபடி தைத்தார்.

முதல் ஓட்டம் ட்ரம்மில். ஒரகடத்தில் 200 லிட்டர் நீல ட்ரம்முக்குப் பஞ்சமா. ரசாயனம் வந்த ட்ரம்மாக இல்லாமல் பார்த்து வாங்கி, ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்ட் வெல்டிங் செய்து, மோட்டாரை அதில் மாட்டினோம். ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு முங்கும் வரை தண்ணீர். தண்ணீர் இல்லாமல் சில வினாடி ஓடினாலும் புது இம்பெல்லர் கருகிவிடும். திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும். அந்தப் புகை மூடிய ஷெட்டில் ஆளைக் கொல்லும். ட்ரம்முக்குள் கியர் போடக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். பத்தாவது நிமிஷம் நானே போட்டுவிட்டேன். மேலே இருந்த தண்ணீரெல்லாம் எங்கள் மேல்.

ஆனால் ஐந்தாவது இழுப்பில் அது உயிர் பெற்றது. ஊர் முழுக்க வெள்ளைப் புகை. உள்ளே ஊற்றிய எண்ணெய் எரிகிறது. பக்கவாட்டுத் துளையிலிருந்து பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீச்சியது. அண்ணன் அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் பீடியைப் பற்ற வைத்தார். பெட்ரோல் டேங்க்கை அதற்கு முன்பே தள்ளி வைத்துவிட்டேன்.

செப்டம்பரில், அனுமதி கேட்டு, படப்பைப் பக்கம் ஒரு ஏரியில் இறக்கினோம். மோட்டார் அருமையாக ஓடியது. நடு ஏரிக்குப் போனபோது கால் நனைந்தது. என்னைப் பார்த்து எல்லோரும், எல்லோரையும் பார்த்து நான். வடிகால் தக்கை கரையில் என் சட்டைப்பையில் இருந்தது. சட்டையும் கரையில் இருந்தது. துண்டைச் சுருட்டித் துளையில் திணித்துக்கொண்டு திரும்பினோம். இப்போது தக்கை, அவசர நிறுத்தச் சாவிக் கயிறு இரண்டும் ஒரே வளையத்தில். தக்கையைக் கழற்றினால் கயிறும் கூடவே போய்விடும். கயிறு இல்லாமல் மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. ஓட்டுபவர் தடுமாறி விழுந்தால் மோட்டாரை நிறுத்துவதும் அந்தக் கயிறுதான். அதை மணிக்கட்டில் மாட்டாமல் யாரும் எங்கள் படகை ஓட்ட முடியாது. தண்ணீரில் ஆட்கள் இறங்கி நடக்கும் தெருவில், ஆளில்லாமல் சுற்றும் ப்ரொப்பெல்லரை நினைத்துப் பாருங்கள்.

பிறகு அட்டை ஒன்று தொங்கவிட்டேன், ஆலையில் தொங்குவது போலவே. மாதத்தின் முதல் ஞாயிறு, 10 நிமிடம், ட்ரம். தேதி, எத்தனையாவது இழுப்பு, தண்ணீர் பீச்சியதா, கையெழுத்து. கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, அதுவாக நிற்கும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுவோம். டேங்க்கில் எப்போதும் 5 லிட்டருக்கு மேல் இல்லை. மாதம் திரும்பியதும் மிச்சத்தை யாருடைய பழைய காருக்காவது நிறைய நல்ல பெட்ரோலோடு ஊற்றிவிட்டுப் புதிது. கிராம நிர்வாக அலுவலரிடமும் தீயணைப்பு நிலையத்திலும் எங்களிடம் இப்படி ஒரு படகு இருப்பதை எழுதிக் கொடுத்தோம். சொல்லாமல் வைத்திருக்கிற மீட்புப் படகால் பக்கத்துத் தெருவுக்கு என்ன பயன்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். முந்தின நாளே கார்களை வெளிவட்டச் சாலைக்கு ஏற்றியாகிவிட்டது. விடியும்போது எங்கள் தெருவில் இடுப்பளவு. மோட்டார் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. அட்டையிலும் சராசரி அதுவேதான்.

ஓடியது என்னவோ சரி. ஆனால் அன்றைக்குக் கற்றது வேறு. தெருவுக்குள் மோட்டாரால் பிரயோஜனம் குறைவு. கண்ணுக்குத் தெரியாத காம்பவுண்டுச் சுவர், மூழ்கிய பைக், திறந்து கிடக்கும் மழைநீர்க் கால்வாய், எதிலும் ப்ரொப்பெல்லர் இடிக்கும். கொஞ்சம் வேகமாகப் போனால் படகு எழுப்புகிற அலை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் புகுந்து, மிச்சமிருந்த கட்டிலையும் நனைக்கும். ஊறிய சுவரைத் தள்ளியும்விடும். ஒரு அம்மா மாடியிலிருந்து திட்டியபிறகே அது எனக்கு உறைத்தது. அதனால் தெருவுக்குள் கழி, இழுப்பு உள்ள பெரிய சாலையில் மட்டும் மோட்டார் என்று பிரித்துக்கொண்டோம். மோட்டாரைத் தூக்கித் தாங்கும் கொக்கி எளிதாக இயங்க வேண்டியது அப்போதுதான் புரிந்தது. அதற்கு கிரீஸ் போட நாங்கள் மறந்திருந்தோம். அணியத்தில் எப்போதும் ஒருவர் நின்று, தாழத் தொங்கும் மின்கம்பியையும் அடியில் கிடப்பதையும் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு தடவை தண்ணீர் பீச்சுவது நின்றது. ஒருமுறை ஆகாயத்தாமரை, இன்னொரு முறை பால் பாக்கெட். நின்றவுடன் மோட்டாரை அணைத்து, தூக்கி, உறிஞ்சும் இடத்தைக் கையால் துடைத்தால் ஒரு நிமிஷ வேலை. பார்க்காமல் விட்டிருந்தால் மோட்டாரையே இழந்திருப்போம். அதற்கென்றே பின்பக்கம் ஒரு ஆளை உட்கார வைத்தோம். 2021-இல் எண்ணிக்கொண்டிருந்த அதே பையன். இப்போது மீசை அரும்பிவிட்டது, அவன் அப்பா அதட்டவில்லை.

வெள்ளத் தண்ணீர் கடல் தண்ணீரை விட மோசம். மணல், சாக்கடை, எண்ணெய், எல்லாம். அன்று இரவே ட்ரம்மில் நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஓடவிட்டோம். மறுநாள் கியர் எண்ணெயைப் பார்த்தால் லேசாக வெளுத்திருந்தது. சீல் மறுபடி.

போன ஞாயிறு என் முறை. மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலை. இரண்டாவது இழுப்பு. எதிர்வீட்டுப் பையன் அட்டையில் எழுதப் போனவன், கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தி, "மாமா, ஆயுத பூஜைக்கு இதுக்கும் பொட்டு வைக்கணுமில்ல?" என்று கேட்டான். வைக்கலாம், துளையை அடைக்காமல் வை என்றேன்.